எண் 31, சந்தன மாதா

ஜூன் 3, செவ்வாய்

லம்பர்ட் சார் இன்று காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். எங்கள் காட்சியகத்தின் செயலாளர் அவர். யாராவது பொன்னாடை போர்த்துகிற நாளைத் தவிர மற்ற நாட்களில் பதினொன்றரைக்கு முன் அவரைப் பார்க்க முடியாது. அதனால் ஏதோ விஷயம் என்று தெரிந்துவிட்டது.

மாவட்டத்திலிருந்து அங்கீகாரக் குழு ஜூலை 18 அன்று வருகிறதாம். சிப்பித்துறை வட்டார வரலாற்றுக் காட்சியகம் முறைப்படி பதிவானால் ஒழுகுகிற கூரைக்கு வழி பிறக்கும். பதிவாக ஒரே நிபந்தனை: உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும், கொடுத்தவர் கையெழுத்திட்ட அன்பளிப்புத் தாள் இருக்க வேண்டும்.

"மொத்தம் எத்தன பொருள் ஜெசிந்தாம்மா?"

"நானூத்திப் பன்னெண்டு."

"எத்தனைக்குத் தாள் இருக்கு?"

"இருநூத்தி அறுபதுக்கு."

"மீதிக்கு?"

"வாய்ப்பேச்சுதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பத்தோரு வருஷம் தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் பிரிவில் இருந்தவள் நான். கையெழுத்து வாங்காமல் ஒரு கவரைக்கூடக் கொடுத்ததில்லை. ஓய்வுபெற்றதும் இங்கே வந்து சேர்ந்து, ஆசை மிகுதியில், யார் எதைக் கொண்டு வந்தாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

நூற்று ஐம்பத்திரண்டு கையெழுத்து. நாற்பத்தைந்து நாள். முடியாதது இல்லை.

ஜூன் 5, வியாழன்

மூன்றாவது அலமாரியில் இரால்பூச்சி. பழைய சுங்கச் சீட்டுகளின் ஓரத்தைத் தின்றிருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒவ்வொரு தாளாகத் தூரிகையால் தட்டினேன். முதுகு போயிற்று.

பிற்பகல் பாத்திரக்கடை ராயன் ஒரு மிக்சியோடு வந்தார். அவர் மாமனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்ததாம். காட்சியகத்தில் வைத்து, கீழே தன் கடைப் பெயரையும் போட வேண்டுமாம். பொருள் கொண்டு வருகிற எல்லோரிடமும் நான் மூன்று கேள்வி கேட்பேன்: யார் கையில் இருந்தது, எதற்கு உதவியது, இங்கே எப்படி வந்து சேர்ந்தது? மூன்றுக்கும் அவர் சொன்ன பதில், "ரிப்பேரு ஆயிட்டும்மா." திருப்பி அனுப்பிவிட்டேன். அதே தெருவிலிருந்து வந்த பீடாக்கடைக்காரரிடம் அவர் அப்பா கொழும்பு போய்வந்த அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை முதலில் கையெழுத்து, அப்புறம்தான் பொருள்.

ஜூன் 9, திங்கள்

நான்கு நாளில் முப்பத்தொரு கையெழுத்து. கால் வீங்கியிருக்கிறது.

மேலத்தெருவில் ஒரு வீட்டில், தாத்தா நாற்காலியைக் கொடுத்தது தப்பு, திரும்ப வேண்டும் என்றார்கள். இரண்டு டம்ளர் காபி குடித்து, அந்த நாற்காலியில் இப்போது எந்தக் குழந்தையும் ஏறாமல் கயிறு கட்டிக் காக்கிறோம் என்று சொன்னேன். வீட்டில் இருந்தால் அதன் மேல் துணி மடித்துப் போட்டிருப்போம் என்று மருமகள் சிரித்துவிட்டாள். கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

எண் 31-ஐ நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 16, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தென்மேற்கிலிருந்து மணலோடு வருகிற வறண்ட காற்று. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புழுதி.

31-இல் மறுபடியும் உப்பு பூத்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஆனி மாதத்தில் இப்படித்தான். மெல்லிய பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பிழிந்து, ஒற்றி எடுத்தேன். தேய்க்கக் கூடாது. ஒற்றத்தான் வேண்டும். கடலில் நாற்பது நாள் கிடந்த மரம், குடித்த உப்பை இன்னும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பலகையைப் பற்றி எழுதிவிடுகிறேன். "சந்தன மாதா" என்ற தோணியின் பெயர்ப் பலகை இது. நீலத்தில் வெள்ளை எழுத்து, சிவப்பு நிழல். தோணிக்கு உரிமையாளரும் தண்டலும் ஒருவரே. தண்டல் என்றால் தோணியின் தலைவன். ஒன்பது வருஷத்துக்கு முன் நவம்பரில் காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனது. எட்டுப் பேர். நடுவில் புயல். நாற்பதாம் நாள், வடக்கே ஒரு கரையில் இந்தப் பலகை மட்டும் ஒதுங்கியது. வலைக்காரர்கள் எடுத்து வந்து தண்டலின் வீட்டில் கொடுத்தார்கள்.

தண்டல் கஸ்பார் என் தம்பி. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அம்மா படுக்கையில் இருந்ததால் அவனை நான்தான் வளர்த்தேன்.

காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் நிற்கிற இடம் இந்தப் பலகைதான். கீழே நான் எழுதிய விளக்க அட்டை:

"சந்தன மாதா தோணியின் பெயர்ப் பலகை. வாகை மரம். ஐந்தடி இரண்டு அங்குலம். எழுத்து: பெயர் தெரியாத ஓவியர். தண்டல் உட்பட எட்டுப் பேர் நவம்பர் புயலில் கடலில் மாண்டனர். அன்பளிப்பு: தண்டலின் குடும்பத்தார்."

குடும்பத்தார் என்று எழுதியதில் தப்பில்லை. நானும் குடும்பம்தான்.

ஜூன் 19, வியாழன்

லம்பர்ட் சார் பட்டியலை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். 31-இல் விரல் நின்றது.

"இதுக்குத் தாள் இல்லையா? நம்ம முக்கியமான பொருளே இதுதானம்மா."

"வாங்கிருவேன் சார்."

"வாங்க என்ன இருக்கு? நீங்கதான அக்கா. இப்பவே கையெழுத்துப் போட்டுருங்க. வேல முடிஞ்சிரும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, பேனாவை எடுத்து, போட்டும் விட்டேன். பிறகு அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நாளைக்குத் தேட வேண்டும்.

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று சங்குக்காரத் தெருவில் இரண்டு கையெழுத்து. இரண்டாவது வீட்டுக்கு அடுத்த வீடு பிரிஜித்துடையது. பிரிஜித், கஸ்பாரின் மனைவி.

கதவு பூட்டியிருந்தது. உப்பு கம்பெனியில் வேலை, ஐந்து மணிக்குத்தான் வருவாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவே இல்லை. அவர்களாகவே சொன்னார்கள். கொடியில் அவன் சட்டை ஒன்று துவைத்துக் காய்ந்தது. கட்டம்போட்ட சட்டை. நான்தான் எடுத்துக் கொடுத்தது. ஒன்பது வருஷமாக யாரும் உடுத்தாத சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள்.

மற்ற ஏழு குடும்பங்களும் அடித்துப் புரண்டு அழுது, அப்புறம் இறப்புச் சான்றிதழ் வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டன. இவள் மட்டும் வாங்கவில்லை. முதலாம் ஆண்டு நினைவுக்கு நான் பூசைக்கு ஏற்பாடு செய்தேன். சாமியார் "மரித்த கஸ்பார் ஆன்மாவுக்காக" என்று படித்ததும் சிவப்புச் சேலையில் எழுந்து, எல்லோரும் பார்க்க வெளியே போய்விட்டாள். கோயில் வாசலில் அவளிடம் நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறோம்.

மீதி: நாற்பத்திரண்டு கையெழுத்து.

ஜூன் 29, ஞாயிறு

இராயப்பர் திருநாள். காலைப் பூசை முடிந்து நேராகக் காட்சியகத்துக்கு வந்தேன். விடுமுறைதான். ஆனால் காற்று மூன்று நாளாக அடங்கவில்லை, மனது கேட்கவில்லை.

31-இல் கடைசி எழுத்தைச் சுற்றியிருந்த நீலம் உரிந்து கீழே கிடந்தது. கை அகலத்துக்கு. பின்னால் மரம் வெளுத்துத் தெரிந்தது. நடுவிலும் தூக்கியிருக்கிறது, விரல் பட்டால் உதிர்ந்துவிடும். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணுக்காக வெள்ளைத் தாளில் எடுத்து மடித்து வைத்தேன். பிறகு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? அன்பளிப்பாக யாரும் தரவில்லை. காட்சியகத் திறப்பு விழாவுக்காக நான் போய்க் கேட்டேன். அப்போது பேச்சு இருந்தது. பிரிஜித் பலகையைச் சேலையால் துடைத்துக் கொடுத்து, "விழா முடிஞ்சதும் குடுத்துருங்க மைனி, மூணு நாளுதான" என்றாள். விழா முடிந்தது. நான் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் வந்தாள். ஒருமுறை வாசல் வரைக்கும். நான் உள்ளே இருந்துகொண்டு, ஆள் இல்லை என்று காவலாளியிடம் சொல்லச் சொன்னேன்.

அவனுக்குக் கல்லறை இல்லை. எனக்குத் தினமும் போய்த் துடைத்துவிட்டு வர ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அதனால் எடுத்து வைத்துக்கொண்டேன். இதுதான் உண்மை.

பத்தொன்பதாம் தேதி கையெழுத்துப் போட்ட தாள் தொலையவில்லை. நான்தான் கிழித்தேன்.

ஜூலை 2, புதன்

ஐந்தரைக்குப் போனேன். பிரிஜித் அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்க உப்பு வெடிப்பு. கழுத்தில் தாலி. தலை முக்கால் நரைத்துவிட்டது. இதை எதிர்பார்க்கவில்லை நான்.

"வாங்க மைனி," என்றாள். எட்டு வருஷத்துக்கு மேல் கழித்து, அவ்வளவுதான் சொன்னாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

வழியெல்லாம் பேச்சைக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். தாளைத்தான் நீட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக முழுவதும் படித்தாள்.

"காலஞ்சென்ற கஸ்பார் மனைவின்னு போட்டிருக்கு. நீங்க எழுதினியளா?"

"நான்தான்."

"முழு மனதுடன் அன்பளிப்பாக வழங்குகிறேன்னு போட்டிருக்கு."

"அது எல்லாத் தாள்லயும் அச்சடிச்சிருக்கு."

"நான் மூணு நாளைக்குத்தான குடுத்தேன் மைனி." கோபமே இல்லாமல் சொன்னாள். தாளை மடித்து என் மடியில் வைத்தாள். "இதுல கையெழுத்துப் போட மாட்டேன். வேற எது வேணும்னாலும் கேளுங்க."

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டாள்: "பலக எப்டி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "பெயிண்ட்டு உரியுது பிரிஜித். எவ்வளவு பாத்தும் உப்பு நிக்க மாட்டேங்குது," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, "நடங்க," என்றாள்.

காட்சியகத்தைத் திறந்து விளக்கைப் போட்டேன். வாசலில் நின்றவள் நேராகப் பலகையிடம் போகவில்லை. பக்கத்துச் சுவரில் கை வைத்தாள். நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன கட்டடம் மைனி?"

"பழைய உப்புக் கிட்டங்கி. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியலயே. நாப்பது நாளு கடல்ல கெடந்த உப்பு இத்தன வருசமாவா வரும்? நூறு வருசமா இந்தச் சுவத்துல உப்பு மூட்டையச் சாச்சி அடுக்கியிருக்காக. கார்த்திகை மழையில குடிச்ச ஈரத்த இந்தக் காத்துல கக்குது. அதுல கொண்டு போயி பலகைய ஒட்டி மாட்டி வச்சிருக்கிய."

ஆணி அடித்தது நான். சுவரோடு ஒட்டி, ஆடாமல், சமமாக இருக்கிறதா என்று குமிழ்மட்டம் வைத்துப் பார்த்து அடித்தேன். வருஷா வருஷம் உப்பைத் துடைத்துவிட்டு அதே சுவரில் மாட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

உரிந்த இடத்தை அவள் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஓரத்துல அடியில பச்ச தெரியுது பாத்தியளா? அது மொத வருசம் அடிச்சது. அவுகளுக்குப் பச்ச பிடிக்கல, நீலம் அடின்னாக."

"யாரு அடிச்சா?"

"நான்தான். வேற யாரு? ஆவணியில தோணி எறக்குததுக்கு முன்ன வருசா வருசம் நான்தான எழுதுவேன். அவுக பலகைய ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிடுவாக. இந்த 'த'வுக்கு எல்லாம் வால நீட்டித்தான் போடுவேன். கோணையா இருக்குன்னு ஏசுவாக. அழிக்க விட மாட்டாக."

பெயர் தெரியாத ஓவியர் என்று எழுதி வைத்திருக்கிறேன். பாத்திரக்கடைக்காரரின் மிக்சிக்குக்கூட மூன்று கேள்வி கேட்டவள், என் தம்பியின் பலகைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவள் கண் அட்டைக்கு இறங்கியது. படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாண்டனர்னு எழுதியிருக்கிய. பாத்தியளா?"

"இல்ல."

"பாக்காததயா எழுதி வச்சிருக்கிய?"

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இரண்டு பேருமாகப் பலகையை இறக்கி, பழைய மெத்தை உறையைச் சுற்றி, ஆட்டோவில் குறுக்கே வைத்து அவள் வீட்டில் கொண்டு சேர்த்தோம். இறங்கும்போது அவள், "பாத்துப் போங்க மைனி," என்றாள்.

ஜூலை 3, வியாழன்

பதிவேட்டில் எண் 31: அன்பளிப்பு என்பதைச் சிவப்பு மையால் ஒரே கோடு போட்டு அடித்தேன். அழிக்கவில்லை, மேலே எழுதவில்லை. பக்கத்தில்: "தவறான பதிவு. உரிமையாளரிடம் திருப்பித் தரப்பட்டது. ஜெசிந்தா."

லம்பர்ட் சாரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இன்று போட்டார். குழு வரப் பதினைந்து நாள் இருக்கும்போது காட்சியகத்தின் முகத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டேனாம். நான் ராஜினாமா எழுதித் தரட்டுமா என்றேன். "தந்துட்டு, இந்த நானூத்திச் சொச்சம் பொருளையும் யார்ட்ட குடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்

ஐந்து நாளாக ஒரே வேலை. சுவரைத் தொடுகிற எல்லாவற்றையும் நகர்த்தினோம். அலமாரிகள் ஒரு சாண் முன்னால். படங்களுக்குப் பின்னால் தக்கைக் கட்டை. கீழே தார்ப்பாய். லம்பர்ட் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கினார், அவர் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது.

நாற்காலியின் பின்னங்கால் இரண்டும் உப்பில் பொரிந்து போயிருந்தன. பாய்மரக் கயிறு, சங்குக் குளியாளின் ஈயக்கல் கட்டும் வார், எல்லாவற்றிலும் சுவர்ப்பக்கம் வெள்ளை. எட்டு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துகள் முடிந்தன. பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருக்கிறது. பிடுங்க மனம் வரவில்லை. பிடுங்கினேன்.

ஜூலை 12, சனி

பிரிஜித் வந்தாள், தானாக. உள்ளே வந்து சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆய்வுக்கு வரப்போகிற அதிகாரியே தோற்றார் போ.

"பலகைய வீட்டுல வச்சேன் மைனி. பாக்க வாரவுகல்லாம் வாசல்லயே மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வாராக. நேத்து ஒருத்தி மெழுகுவத்தி கொண்டாந்து ஏத்தி வச்சிட்டா. கும்புட்டு அழுததுக்கா அத நான் வாங்கிட்டுப் போனேன்?"

மெழுகுவத்தி கொண்டு போகிற ஆள்தான் நானும்.

"இங்க யார் யாரு வாராக?" என்றாள்.

வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். பெயரும் ஊரும் எழுதுகிற நோட்டு. அவள் விரலால் ஊர்ப் பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டே போனாள். கொல்லம். நாகப்பட்டினம். கொழும்பு. மாலத்தீவின் மாலே என்று எழுதியிருந்த வரியில் விரல் நின்றது.

"மாலேயா? மாலேல இருந்தா வந்தாக?"

"மாசியில நாலு பேரு வந்தாக. தோணி பாக்க வந்தவுக."

"பலகையப் பாத்தாகளா?"

"எல்லாரும் அதத்தான் மொதல்ல பாப்பாக."

அவள் நோட்டை மூடவில்லை. "அப்ப இங்கயே இருக்கட்டும். என் வீட்டுல தெருக்காரன்தான் பாப்பான். இங்க கடல்ல போறவன், வாறவன் எல்லாரும் பாப்பாக. அதுல ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. ஏதோ தீவுல, ஏதோ கரையில, அறிஞ்சவன் ஒருத்தன் இருப்பான்லா."

பைத்தியம் என்று கோயில் வாசலில் அன்றைக்குச் சொன்னேன். அதைத்தான் எழுத மாட்டேன் என்றிருந்தேன். இன்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லை நினைக்கவே முடியவில்லை.

நிபந்தனை போட்டாள். சுவரில் மாட்டக் கூடாது. அன்பளிப்பு இல்லை, இரவல். அட்டையை மாற்ற வேண்டும். அட்டையில் அவள் ஃபோன் எண் வேண்டும்.

"ஃபோன் நம்பரெல்லாம் காட்சியகத்துல எழுத மாட்டாக பிரிஜித்."

"அப்ப பலகையத் தர மாட்டேன்."

"எழுதுதேன்," என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

இரவல் தாள் தயார். அன்பளிப்புத் தாளுக்குப் பதில் இதுவும் செல்லுமாம், லம்பர்ட் சார் மாவட்டத்தில் கேட்டுச் சொன்னார். ஒரு வருஷம், விரும்பினால் புதுப்பிக்கலாம். பிரிஜித் கையெழுத்துப் போட்டாள். மனைவி என்ற இடத்தில் "காலஞ்சென்ற" இல்லை.

மற்ற ஏழு வீடுகளுக்கும் போனேன். இது அவர்கள் துக்கத்தையும் கிளறுகிற விஷயம். ஐந்து வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். ஒருவர் மட்டும், "எம் மவன் போயிட்டான்மா, அவன் பேர அதுல போடாதீங்க," என்றார். போடவில்லை.

பலகைக்கு லம்பர்ட் சார் ஒரு தச்சரைப் பிடித்து நடுக்கூடத்தில் தனியாகத் தாங்கி செய்து தந்தார். நாலு பக்கமும் காற்று போகும். உரிந்த நீலத்தை என்ன செய்வது என்று பிரிஜித்தைக் கேட்டேன். புதிதாக எழுதித் தருவாள் என்று நினைத்தேன். "அவுக வந்து பிடிச்சிக்கிட்டாத்தான் எழுதுவேன். அதுவர உரிஞ்சது உரிஞ்சதாவே இருக்கட்டும். இன்னும் உரியாமப் பாத்துக்கிடுங்க," என்றாள். காட்சியக விதியும் இதையேதான் சொல்கிறது.

ஜூலை 17, வியாழன்

அட்டை எழுத ஒரு நாள் பிடித்தது.

"சந்தன மாதா தோணியின் பெயர்ப் பலகை. வாகை மரம். எழுதியவர்: பிரிஜித். தோணி நவம்பரில் எட்டுப் பேருடன் மாலத்தீவுக்குப் புறப்பட்டது." அடுத்து ஏழு பெயர்கள், கஸ்பாரிலிருந்து. "இன்னும் திரும்பவில்லை. இவர்களைப் பற்றி எதுவும் அறிந்தவர் தயவுசெய்து அழைக்கவும். இரவல்: பிரிஜித்."

"இன்னும் திரும்பவில்லை" என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அவன் போய்விட்டான் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நான் பார்த்தது என்ன? அவன் போனதைப் பார்த்தேன். துறையில் நின்று கையாட்டினேன். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதினேன்.

கீழே பிரிஜித்தின் எண்ணை எழுதினேன். மை காயக் காத்திருந்தேன். பிறகு இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஒரு பெண் அதிகாரி, நிதானமானவர், தாள்களை விடப் பொருள்களை அதிகம் பார்த்தார். சுவரிலிருந்து எல்லாம் ஏன் ஒரு சாண் தள்ளியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கண்டுபிடித்தது யார் என்றார். உப்பு கம்பெனியில் வேலை பார்க்கிற பிரிஜித் என்று, கதவருகே நின்றவளைக் காட்டினேன். அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள்.

நடுக்கூடத்தில் நின்று அட்டையைப் படித்தார்கள். லம்பர்ட் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மியூசியத்துல இப்படி எழுதுறது இல்லையேம்மா," என்றார் அதிகாரி. "ஃபோன் நம்பர்லாம்."

"பொருளோட சொந்தக்காரங்க நிபந்தனை. தாள்ல இருக்கு."

"ரெண்டு நம்பர் இருக்கே?"

"முதல்ல இருக்கது மனைவியோடது."

"ரெண்டாவது?"

"அக்காவோடது."

"அவங்க எங்க இருக்காங்க?"

"நான்தான்," என்றேன்.

பிரிஜித்துக்கு இது தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. கதவருகிலிருந்து வந்து, குனிந்து, அட்டையின் கடைசி வரியைப் படித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெடித்த, சொரசொரப்பான கை. அதிகாரி சற்று நேரம் வேறு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு, அட்டை அப்படியே இருக்கட்டும் என்றார். முடிவு ஒரு மாதத்தில் தெரியுமாம்.

ஜூலை 26, சனி

அலமாரிக்குக் கற்பூர உருண்டை மாற்றினேன். இரால்பூச்சி இல்லை. பார்வையாளர் பதினான்கு பேர்.

மதியம் வீட்டில் கீரை கடைந்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. தெரியாத எண். வெளிநாட்டு எண்ணா, உள்நாடா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அடுப்பை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகுதான் எடுத்தேன்.

சிலிண்டர்காரர். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

வைத்துவிட்டு, பிரிஜித்தைக் கூப்பிட்டேன். ஃபோன் அடித்தால் உனக்கும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும்தான் மைனி," என்றாள்.